கண் தராசாகுமா?

உண்ணும் உணவின் கலோரியைக் கணக்கிடும் வழக்கம் மலேசியத் தமிழரிடையேயும் பரவி வருகின்றது. அது வேண்டப்படுவதே. 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் எனக் காட்டிற்று. ஆயின், கணக்கெழுதுவோருள் பலர் எதனைக் கணக்கிடுகின்றனர்? தட்டில் உள்ள சோற்றையா, தம் மனம் விரும்பும் சோற்றையா?

“ஒரு கிண்ணம் இருக்கும்” என்று கண்ணால் மதித்து ஏட்டில் எழுதிவிடுகின்றனர். எந்தக் கிண்ணம்? உதிரியாய் இட்ட சோறா, அழுத்தி நிரப்பிய சோறா? 100 கிராம் அரிசி ஏறத்தாழ 360 கலோரி தரும். 100 கிராம் சோறோ, நீரேறியதால், ஏறத்தாழ 130 கலோரியே தரும். அரிசியை நிறுத்துச் சோற்றின் எண்ணை எழுதுவோர், உண்மையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காய்ச் சுருக்கிவிடுகின்றனர்.

எண்ணெயின் கதை இதனினும் கொடிது. மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. போத்தலைச் சாய்க்கும் கை ஒரு கரண்டி மிகுதியாய் ஊற்றினால், அப்பிழை 90 கிராம் சோற்றுக்கு நிகராகும். தே தாரேக்கில் கலந்த கட்டிப்பாலோ பலருடைய ஏட்டில் இடம்பெறுவதே இல்லை.

“அட்டவணைகளே தோராயமானவை, பின் தராசு எதற்கு?” என வினவுவர் சிலர். அட்டவணையின் பிழை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். கண்ணின் பிழையோ உண்பவர் பக்கமே பெரிதும் சாய்கின்றது. எத்துணைக் குறைத்து உண்டும் எடை குறையவில்லை என முறையிட்ட பருமனுடையோரை ஆராய்ந்து 1992இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துக் கூறியதைக் கண்டது. அவர்களைப் பொய்யர் எனல் முறையன்று. அளவையின்றி எழுதும் கணக்கு எவரையும் ஏமாற்றும்.

“அளந்துண்பது கருமித்தனம்” என்பது மற்றொரு வாதம். நாழி, உழக்கு, படி என அளவைகளுக்குப் பெயரிட்ட இனம் இவ்வாறு பேசலாமா? அளவறிந்து உண்பதைத் திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் தலைப்பின்கீழ் வைத்துப் பேசுகின்றதன்றோ! விருந்தினர்முன் தராசு வைக்குமாறு எவரும் கூறவில்லை. அதன் இடம் அடுக்களை.

எல்லாரும் கலோரி எண்ண வேண்டியதில்லை. வளரும் பிள்ளைகளையும் உணவைக் கண்டு அஞ்சும் மனநிலையுடையோரையும் அவ்வழக்கத்தில் தள்ளுவது தீங்கே. ஆயினும், பள்ளி அறிவியற்கூடத்துத் தராசில் ஒரு கிண்ணச் சோற்றை வைத்து, மாணவர் முதலில் ஊகித்தும் பின்னர் நிறுத்தும் பார்க்கட்டும். உடல் இளைப்பதற்காக அன்று. ஊகம் வேறு, அளவை வேறு என்று உணர்வதற்காக.

எண்ணத் தேவையில்லாதவர் எண்ண வேண்டா. எண்ணத் துணிந்தவர் நிறுத்து எண்ணுக. நிறுக்காமல் எழுதிய எண் கணக்காகாது. அது வெறும் ஆறுதலே.