என்ஜினைப் பிரிக்கும் முன்னே...

கணவர் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். முகம் வாடி இருக்கிறது.

"என்னங்க ஆச்சு?" என்று மனைவி கேட்கிறாள்.

"என்ஜின் வேலை வந்திடுச்சாம். போர் பண்ணணும்னு மெக்கானிக் தம்பி சொல்றாரு."

மனைவியின் கை தானாகக் கழுத்துச் சங்கிலியைத் தொடுகிறது.

திட்டக்குடி வட்டாரத்துக்கு இது புதிய காட்சி அல்ல. வெள்ளாற்றங்கரை ஊர். விவசாயம்தான் தொழில். வயலுக்குப் போவதும் அந்த வண்டியில்தான். பால் கேன் போவதும் அதில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விருத்தாசலத்துக்கு ஓடுவதும் அதே வண்டிதான். அது நின்றால் பாதிக் குடும்பம் நின்றுவிடும்.

என்ஜின் வேலை என்றால் ஒரு வெள்ளாமையில் மிச்சம் பிடித்த பணம் போய்விடும். ஆகவே, பிரிக்கும் முன்னே சோதித்துப் பாருங்கள் என்கிறோம். சோதனைக்குச் செலவு மிகக் குறைவு.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்தது, தமிழ்நாட்டில் வளர்ந்தது. 1955-ம் ஆண்டில் ராயல் என்பீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்சும் சேர்ந்து "என்பீல்டு இந்தியா"வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி நின்றுபோனது. திருவொற்றியூர் நிற்கவில்லை!

அந்தப் பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பு இரும்பால் ஆனது. உள்வாய் அகலம் 70 மில்லிமீட்டர். அது தேய்ந்தால், லேத் பட்டறையில் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடலாம். ஆனால் கடைவதற்கும் எல்லை உண்டு. இரண்டு மூன்று தடவைதான். தேவை இல்லாமல் ஒரு தடவை கடைந்துவிட்டால், அந்தச் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கை வீணாக்கியதாகும்.

கிக்கரில் நின்று பாருங்கள்

சாவியை அணைத்துவிட்டு, கிக்கரை மெல்ல மிதியுங்கள். ஓர் இடத்தில் கனமாக எதிர்க்கும். அதுதான் கம்ப்ரஷன். அதாவது, பெட்ரோல் கலந்த காற்றைப் பிஸ்டன் நெருக்கும் பலம். நல்ல என்ஜினில், அந்த இடத்தில் உங்கள் உடம்புப் பாரத்தையே கிக்கர் சற்று நேரம் தாங்கும். பொசுக்கென்று இறங்கினால் கம்ப்ரஷன் குறைவு என்று அர்த்தம்.

உடனே "போர் போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள்! புல்லட்டில் டிகம்ப்ரஷன் லீவர் என்று ஒன்று உண்டு. அதன் கேபிள் இறுகி இருந்தாலும் காற்று கசியும். டாப்பெட் இறுகி, வால்வு சரியாக மூடாவிட்டாலும் கசியும். இரண்டும் கைவேலை.

அவை சரியாக இருந்தால், பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விடுங்கள். நாலைந்து முறை மிதித்துவிட்டு, பிளக்கை மாட்டி, மறுபடி கிக்கரில் நில்லுங்கள். இப்போது கனம் கூடினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. கனம் கூடவில்லையா? கோளாறு மேலே இருக்கிறது. வால்வையோ ஹெட் பாக்கிங்கையோ பார்க்க வேண்டும். அதற்குச் சிலிண்டரைக் கடைய வேண்டியது இல்லை.

புகையும் சத்தமும்

கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம். கார்புரேட்டரையும் காற்று வடிகட்டியையும் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். காலையில் கிளப்பியதும் வந்து, சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் பயம் வேண்டாம். இரவில் ஆயில் கீழே இறங்கித் தேங்குவது பழைய புல்லட்டின் பிறவிக் குணம். வண்டி சூடான பிறகும், முறுக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால், ஆயிலும் அடிக்கடி குறைந்தால், அப்போது ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பழைய எஸ்டி, ராஜ்தூத், பழைய டி.வி.எஸ். 50 வைத்திருப்பவர்கள் இந்தப் புகைக் கணக்கை நம்ப வேண்டாம். அவற்றில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரிகிறது. புகை வரத்தான் செய்யும்.

மேலே "டிக் டிக்" என்றால் டாப்பெட். அதோடு ஓடலாம், விரைவில் சரிசெய்தால் போதும். அடியிலிருந்து "தட் தட்" என்று கனமாக இடித்தால் மட்டும் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். "வீடு வரைக்கும் ஓட்டிடலாம்" என்று நினைத்தால், ராடு உடைந்து என்ஜின் பெட்டியையே பிளந்துவிடும். இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. சங்கிலியை அடகு வைத்தாவது செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

மெக்கானிக்குகள் மீது நாம் குறை சொல்லவில்லை. மண்ணிலும் எண்ணெயிலும் உழைக்கிறவர்கள் அவர்கள். ஆனால், "தம்பி, சிலிண்டரை அளந்து எழுதிக் கொடுங்க, பழைய பிஸ்டனை எனக்குக் காட்டுங்க" என்று கேட்பதில் தவறு இல்லை. நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போர் செய்தே தீர வேண்டும் என்றால், அதே நாளில் காற்று வடிகட்டியையும் பாருங்கள். மண் பாதையிலும் களத்துமேட்டிலும் ஓடுகிற வண்டி அல்லவா? வடிகட்டி கிழிந்திருந்தால் புழுதி நேராகச் சிலிண்டருக்குள் போகும். புதுப் பிஸ்டனையும் அது தேய்த்துவிடும்.