சுடுபவர் கட்டுகிறார், பார்ப்பவர்?

வேட்டைக்காரர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாலே நண்பர்கள் முறைக்கிறார்கள். வேட்டை எனக்கும் பிடிக்காதுதான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹோரிகான் என்றொரு சதுப்புநிலம் இருக்கிறது. ஏறக்குறைய 33,000 ஏக்கர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விவசாயத்துக்காக அதன் நீரை வடித்தார்கள். விவசாயம் செழிக்கவில்லை, காய்ந்த கரிமண் தீப்பிடித்து எரிந்ததுதான் மிச்சம். பிறகு அணை கட்டி மீண்டும் தண்ணீரைத் தேக்கினார்கள். இன்று தென்பகுதி மாநில அரசிடமும் வடபகுதி கூட்டரசிடமும் உள்ளன. இலையுதிர் காலத்தில் கனடா வாத்துகள் வந்திறங்கும்போது துப்பாக்கியோடு சிலர் வருகிறார்கள், தொலைநோக்கியோடு சிலர் வருகிறார்கள்.

இப்படிப்பட்ட ஈரநிலங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அங்கே நீர்ப்பறவை வேட்டையாடும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 'வாத்து முத்திரை' வாங்கியாக வேண்டும். 1934இல் 1 டாலர், இப்போது 25 டாலர். அந்தப் பணத்தில் 98 விழுக்காடு ஈரநிலங்களைப் பாதுகாக்கப் போகிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் வனவிலங்குப் பணிக்கே. தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் அப்படியொரு வரி கிடையாது. பறவை பார்ப்பவர் விரும்பினால் முத்திரை வாங்கலாம், அவ்வளவுதான்.

அங்கே வேட்டைக்காரர் எண்ணிக்கை நீண்டகாலமாகச் சரிந்து வருகிறது. நாளைக்கு அணையைப் பழுதுபார்ப்பது யார்? பார்ப்பவரும் கட்டாயமாகக் கட்டட்டும், மாணவருக்குப் பாதி விலையில். நம் ஊரிலும் லென்சுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர், பூங்கா நுழைவுச்சீட்டுக்கு ஐந்து வெள்ளி கேட்டால் முகம் சுளிக்கிறாரே!