அம்மாவோட பாட்டு எது?

1/ திட்டக்குடி-விருத்தாசலம் பஸ்ல இளையராஜா பாட்டு. பக்கத்து சீட் பையன் ஹெட்செட்ல அனிருத். முன்சீட் தாத்தா, "டி.எம்.எஸ். பாடுனதுதான் பாட்டு"ன்னார். சண்டை எல்லா வீட்டுலயும் இருக்கு.

2/ 1976ல 'அன்னக்கிளி' வந்தப்ப ராஜா புதுசு. 1992ல 'ரோஜா' வந்தப்ப ரகுமான் புதுசு. ராஜா பாட்டுல வளர்ந்தவங்க பலர் ரகுமானை "வெறும் சத்தம்"னாங்க. இன்னைக்கு ரகுமான் ரசிகர்கள் அதையே அனிருத்துக்குச் சொல்றாங்க.

3/ வயசான பிறகு யோசிச்சா, சுமார் 10 முதல் 30 வயசுக்குள்ள நடந்ததுதான் அதிகமா நினைவுக்கு வரும். அப்ப கேட்ட பாட்டும் அப்படித்தான். இது தர விஷயம் இல்ல, வயசு விஷயம்.

4/ அப்போ வீட்டுக்கு ஒரு ரேடியோ. இலங்கை வானொலியை எல்லாரும் சேர்ந்து கேட்டாங்க. இப்போ ஆளுக்கொரு போன். அதுல பாட்டு தேடத் தெரியாத பெரியவங்களுக்குப் பாட்டே இல்ல.

5/ மறதி நோய்ல பேச்சு குறைஞ்சவங்ககூட, இளமையில கேட்ட பாட்டைப் போட்டா சில நேரம் கூடவே முணுமுணுப்பாங்க. பாட்டு நோயைக் குணமாக்காது. பதற்றம் கொஞ்சம் அடங்கலாம். ஆனா எந்தப் பாட்டுன்னு கேட்டா, பிள்ளைகளுக்கே தெரியறதில்ல.

6/ அதனால இன்னைக்கே அம்மா, அப்பாகிட்ட பிடிச்ச 10 பாட்டு கேட்டு எழுதி வைங்க. அவங்களால சொல்ல முடியறப்பவே.