குட்டி நாயின் பல்லும் பல்தான்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், பழநி சாலையோரம் நடுங்கிக் கிடந்த நாய்க்குட்டி ஒன்றை என் மகள் பள்ளிப் பையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிறந்து ஆறு வாரம் இருக்கலாம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம்; வயிறு மட்டும் உப்பியிருந்தது. காதுமடல்களில் உண்ணி, முதுகில் சொறி. என் தாயாரோ இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ளவர். காலில் ஆறாத புண் வேறு. "கொண்டுபோய் விட்டுவிடு" என்பதே மருத்துவனாகிய என் வாயில் முதலில் வந்த சொல்.

இதே சொல்லைப் புறநோயாளர் பிரிவில் பல குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பயனற்ற அறிவுரை என்று இன்று கருதுகிறேன். குழந்தை அழும், வீட்டார் மனம் இளகும், குட்டி வீட்டிலேயே இருக்கும். அடுத்த முறை வரும்போது அதைப் பற்றி எங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். வீட்டில் நாய் இருப்பதே தெரியாத மருத்துவர் எதைப் பற்றி எச்சரிக்க முடியும்?

மகளின் பிடிவாதம் வென்றது. மறுநாளே கால்நடை மருத்துவரிடம் சென்றோம். அவர் வரிசையாகச் சொன்னார்: முதலில் குடற்புழு நீக்க மருந்து; அதைக் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டும். உண்ணிக்கும் சொறிக்கும் மருத்துவம். உடல் சற்றுத் தேறியதும் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பசும்பாலை நிறையக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்றும் எச்சரித்தார். அதுவரை நாங்கள் பால்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வரிசையில் மனிதர்களுக்கும் பங்கு உண்டு. நாய்க்குட்டியின் குடற்புழு முட்டைகள் மண்வழியாகக் குழந்தைகளின் வாய்க்குச் செல்லும். ஒருவகைச் சொறி, தூக்கிக் கொஞ்சுபவரின் தோலிலும் அரிப்பை உண்டாக்கும். பார்வோ நம்மைத் தொற்றாது. ஆயினும் குட்டியைச் சில நாள்களில் கொன்றுவிடக்கூடியது. குட்டிக்குச் செய்யும் மருத்துவம் பெரும்பாலும் வீட்டாருக்கும் செய்யும் மருத்துவமே.

மூன்றாம் வாரத்தில், விளையாட்டில் குட்டி மகளின் விரலைக் கடித்து இரத்தம் வந்தது. திட்டுவேன் என்று அஞ்சி, அவள் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட்டாள். இரவு உணவின்போது என் தாயார்தான் கண்டுபிடித்தார். மகள் கேட்டாள்: "குட்டிதானே அப்பா, அதற்கு எப்படி வெறி இருக்கும்?"

இந்தக் கேள்வியைப் பெரியவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. தெருவில் பிறந்த குட்டியை வெறிநோயுற்ற வேறொரு நாய் முன்பே கடித்திருக்கலாம். நோய் வெளிப்படப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை குட்டி துள்ளி விளையாடும். மூன்று மாதம் நிறையாத குட்டிக்கோ தடுப்பூசியும் போட்டிருக்கமாட்டார்கள். ஆகவே குட்டியின் கடியையும் நாய்க்கடியாகவே கொள்ள வேண்டும்.

அன்றிரவே புண்ணை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். மருத்துவமனையில் முதல் ஊசி போட்டோம்; இரத்தம் வந்த காயம் என்பதால் புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்தினோம். பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில் மற்ற ஊசிகள். குட்டியைப் பத்து நாள் கண்காணித்தோம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவில்லை.

1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காத்தார். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியது. இத்தனை காலத்திற்குப் பிறகும், நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. ஏறத்தாழ அனைவரும் இறந்துவிடுகின்றனர். உரிய நேரத்தில் ஊசி போட்டவர்களோ பிழைத்துக்கொள்கின்றனர். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் கடிவாயில் வைக்காதீர்கள்.

இனி, நோயாளிகள் உள்ள வீடுகளுக்குச் சில சொற்கள். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர், நீண்டநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர் ஆகியோரின் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். இவர்கள் வீட்டுக்கு நோயுற்ற குட்டியைக் கொண்டுவருவதைத் தள்ளிப்போடுங்கள். அது தேறும் வரை உறவினர் வீட்டில் வளரட்டும். முன்பே வந்துவிட்டதென்றால், அதன் கழிவை அள்ளுவதும் குளிப்பாட்டுவதும் வேறொருவர் பொறுப்பாகட்டும். சர்க்கரை நோயாளிகளின் பாதம் உணர்விழந்திருக்கும். தூக்கத்தில் குட்டி புண்ணை நக்கினாலும் கடித்தாலும் தெரியாது. என் தாயாரின் புண்ணுக்கு எப்போதும் கட்டு உண்டு. அவர் படுக்கும் அறைக்குள் குட்டிக்கு அனுமதி இல்லை.

மருத்துவர்களாகிய நாங்கள், "வீட்டில் நாய் உண்டா?" என்று கேட்கப் பழக வேண்டும். கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள். குழந்தைகளிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: "கடித்தாலும் கீறினாலும் உடனே சொல், திட்டமாட்டோம், நாயையும் விரட்டமாட்டோம்." என் மகள் பிளாஸ்திரிக்குள் மறைத்தது அந்த அச்சத்தால்தான். அதற்கு முதற்காரணம், நான் முதல் நாள் சொன்ன அந்தச் சொல்.

குட்டி இன்று வளர்ந்து திண்ணையில் படுத்திருக்கிறது. அதன் தடுப்பூசி அட்டை, என் தாயாரின் மருந்துச் சீட்டுகள் உள்ள அதே கோப்பில் இருக்கிறது.