பிளாக்கில் ஒரு கீறல்

"பேசாம புது பிளாக் போட்டுடுங்கண்ணே!" செங்கல்பட்டில் ஏறி இறங்கிய பட்டறை ஒவ்வொன்றிலும் இதே பாட்டு. வண்டி பழைய மாசி 1035 டிராக்டர். செம்பியத்தில் செய்த மூணு சிலிண்டர் சிம்சன் எஞ்சின். கிராங்க் நன்றாக இருக்கிறது, பம்ப் நன்றாக இருக்கிறது. பிளாக்கின் வெளிச்சுவரில் ஒரு விரல் நீளக் கீறல், அதில் தண்ணீர் கசிகிறது. சிலிண்டருக்கு நடுவில் விட்டிருந்தால் நானே எடைக்குப் போட்டிருப்பேன். இதற்குமா புதுசு?

வயசாகிவிட்டதாம். வயசு என்ன செய்யும், எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை! பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் போர் தண்ணீர் கரிக்கும். அதுதான் ரேடியேட்டருக்குள் போகிறது. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரை நன்னீராக்கிச் சென்னைக்கு அனுப்பத் தெரிகிறது. இங்கே உழுகிற வண்டிக்கு உப்புத் தண்ணீர்! உப்பு இரும்பை அரிக்கும், காறை தண்ணீர் ஓடும் வழியை அடைக்கும், எஞ்சின் கொதிக்கும். கொதிக்கிற எஞ்சினில் டிரைவர் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவார். வார்ப்பிரும்பு பட்டென்று விட்டுவிடும்.

ஒருவர் துணிந்து பற்றவைத்தார், கேட்டுக்குப் போடுகிற சாதா ராடால். ஆறியதும் பற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கீறல். வராமல் என்ன செய்யும்? வார்ப்பிரும்பு வளையாது, ஓரிடம் மட்டும் சுட்டு விரிந்து, ஆறிச் சுருங்கும்போது பக்கத்து இரும்பைப் பிளந்துவிடும். கீறல் மேலே ஓடாமலிருக்க இரண்டு முனையிலும் துளை போடவேண்டும். நிக்கல் ராடால் ஒரு அங்குலம் பற்றவைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கிற சூட்டுக்கு வந்தபின் அடுத்த அங்குலம். இல்லையென்றால் பிளாக் முழுவதையும் சூடேற்றிப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ஆறவிடவேண்டும். இதற்கெல்லாம் எந்தப் பட்டறைக்குப் பொறுமை இருக்கிறது? மாமல்லபுரம் ரோட்டில் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் கேட்டும் கிரில்லும் அடித்தால் சாயங்காலமே காசு.

வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் திருக்கழுக்குன்றம் பக்கம் கிடைத்தார். கீறலை விரலால் தடவிப் பார்த்து, "தச்சுடலாம்பா" என்றார். காது குளிர்ந்தது. "ஆனா எனக்குக் கண்ணு தெரியல. பையன்தான் பத்தவைக்கணும்."

பையன் எங்கே என்று கேட்டேன். ரிசார்ட்டுக்கு கேட் மாட்டப் போயிருக்கிறானாம். சொர்ணவாரி நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது; சேறடிக்க வாடகை வண்டிக்காரனிடம் போனால் அவன் சொல்கிற ரேட்டைக் கேட்டு எனக்குத்தான் கொதிக்கிறது.