யாருடைய கையெழுத்து?

"எல்லாம் டாக்டருக்குத் தெரியும், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடு" என்று சொல்லாத வீடு உண்டோ? சகோதரிகளே, சற்றுப் பொறுங்கள்!

1995-ல் டில்லியில், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்காக ஒரு பெண்மணி மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் நினைவிழந்து கிடந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் மட்டும் சம்மதம் பெற்றுக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் நல்லெண்ணத்துடனேயே செய்தார் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆயினும், சோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்றது. வயது வந்த, சுயபுத்தியுள்ள பெண்ணுக்காகத் தாயார் சம்மதிக்க முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற அவசரத்தில்தான் விலக்கு.

என்ன சிகிச்சை, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் விளக்குவது டாக்டரின் கடமை. ஆகவே, கூசாமல் கேளுங்கள், பிறகு கையெழுத்திடுங்கள்.