வாசலை இடம் மாற்றுமுன்



கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் ஒரு வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். ஊரில் வயதான பெற்றோர் மட்டுமே. அடுக்களை வாசலை நான்கடி தள்ளி வைக்கும்படி மகன் தொலைபேசியிலேயே மேஸ்திரியிடம் சொல்லியிருந்தான். சுவரை உடைத்தாயிற்று. மேலே காங்கிரீட் தளம். கீழே ஒரு முட்டுக்கூட இல்லை. உடைத்த மூலையிலிருந்து தளத்தை நோக்கி ஒரு விரிசல் சாய்வாக ஏறியிருந்தது. தாயார் படுத்திருந்தது அந்த அறையில்தான். ஜெபத்தை முற்றத்தில் வைத்துக்கொண்டோம். கட்டிலையும் அப்பொழுதே வெளியே எடுத்தோம். காரணம் கேட்டேன். "வாஸ்து, ஐயா" என்று தகப்பனார் தயங்கிச் சொன்னார். அதைப்பற்றி வேறொரு மாதம் எழுதுகிறேன்.

தூண்கள் இல்லாத நம் பழைய வீடுகளில் சுவரே தூண். பாலக்காட்டுப் பக்கம் வெட்டுக்கல், இடுக்கி மலையில் கருங்கல். பழைய வெட்டுக்கல் சுவர்களில் மண்ணோ சுண்ணாம்போதான் சாந்து. சம்மட்டியால் அதிர அடித்தால் அது உதிர்ந்துவிடும். கருங்கல் சுவரின் இரு முகங்களுக்கும் நடுவே சில்லுக்கற்களை நிரப்பியிருப்பார்கள். ஒரு கல்லை உருவினால் நடுப்பகுதி சரிந்து கொட்டும்.

மரநிலை பாரத்தைத் தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். தாங்குவது அதன் மேலுள்ள லிண்டலே. அது பாரத்தை இருபுறச் சுவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே புதிய வாசல் திறக்குமுன் பழைய வாசலை அடைத்துவிடுங்கள். சும்மா செங்கலை அடுக்கினால் போதாது. பழைய சுவரோடு பல் விட்டுக் கட்டி, மேல் இடைவெளியில் சாந்தை இறுகத் திணித்து, பல நாள் தண்ணீர் விட வேண்டும். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்து நின்றால் நடுவிலுள்ள துண்டுச் சுவர்மேல் முழுப் பாரமும் விழும்.

அதன்பின் சுவரின் இருபுறமும் தளத்திற்கு முட்டுக் கொடுத்து, லிண்டலைப் பாதித் தடிப்புக்கு ஒரு முறை, மறுபாதிக்கு இன்னொரு முறை என்று செருக வேண்டும். அது இறுகிய பின்னரே கீழே உடைக்கலாம். வீட்டு மூலையிலிருந்து குறைந்தது இரண்டடியாவது தள்ளியிருப்பது நல்லது. 2000 டிசம்பர் 12 அன்று ஈராற்றுப்பேட்டைப் பக்கம் பூமி அதிர்ந்ததை இடுக்கியிலுள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் முதலில் பிளப்பது மூலைகளே.

மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று ஒரு நான்கு மாடிக் கட்டடம் இடிந்து 17 பேர் மாண்டார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்றியமைப்பு வேலையே காரணமென்று குற்றம் சாட்டப்பட்டது. மேல்மாடியில் இருந்தவர்கள் ஒரு சுவரையும் தொடவில்லை. சிம்சோன் தூண்களைச் சாய்த்த நாளிலும் மேல்வீட்டில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் இருந்தார்கள் அல்லவா?

எஸ்டேட் லயங்களில் குடியிருப்போர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் சுவர் பக்கத்து வீட்டாருக்கும் சுவர்.

கொழிஞ்சாம்பாறை வீட்டிற்கு மறுநாள் ஒரு பொறியாளர் வந்தார். முட்டுகள் நிறுத்தி, உடைத்த இடத்தை மறுபடியும் கட்டுவித்தார். மகன் அடுத்த சனிக்கிழமை பேருந்தில் வந்து இறங்கினான். விரிசலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அம்மாவின் கட்டிலை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான்.